எலிக்காய்ச்சலின் இலக்கணம்

1

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். முடிச்சூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. தெருமுனை கிளினிக்கில் 'வைரல் ஃபீவர்' என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். நான்காம் நாள் கண் சிவந்து, கெண்டைக்கால் சதையைத் தொடமுடியாதபடி வலி எடுத்து, மூத்திரம் குறைந்து, மேனி மஞ்சள் பூத்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வந்த இளம் டாக்டர், 'லெப்டோ. எலிக்காய்ச்சல்னு சொல்வாங்களே, அது' என்றார். அரை மயக்கத்தில் கிடந்த மனிதர் கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: 'எங்க வீட்ல எலியே கிடையாதுங்க டாக்டர்.'

இந்த ஒரு வாக்கியம் என்னைப் பல வருஷங்களாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரயில்வேயில் முப்பது வருஷம் உழைத்து, சொசைட்டியில் கடன் வாங்கி, மனை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு அது. உயிர் போகுமா இருக்குமா என்ற நிலையிலும் அவருக்கு முக்கியமாகப் பட்டது, தன் வீடு எலி இல்லாத வீடு என்பதை நிலைநாட்டுவதுதான். டாக்டர் சொன்னது ஒரு நோயின் பெயரை. சித்தப்பா காதில் விழுந்ததோ ஒரு குற்றச்சாட்டு. ஒரு பெயர் எந்த வழியாகக் குற்றச்சாட்டாக மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

'விலங்குகளிலிருந்து மனிதர்களுக்கு நோய்கள் பரவுகின்றன' என்று பள்ளிப் பாடப் புத்தகத்திலிருந்து சுகாதாரத்துறைச் சுவரொட்டி வரை படிக்கிறோம். இதில் பொய் ஏதுமில்லை. வெறிநாய்க்கடி, பிளேக், ஆந்த்ராக்ஸ், நிபா, பறவைக் காய்ச்சல் என்று வரிசை நீளம். அறிவியலோடு எனக்குத் தகராறு இல்லை. நம் நண்பர்கள் சிலர் 'நோய் என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு' என்று ஃபூக்கோவை அரைகுறையாகப் படித்துவிட்டுப் பேசுவதுண்டு. பாக்டீரியா ஃபூக்கோவைப் படிப்பதில்லை. படித்திருந்தாலும் சித்தப்பாவின் சிறுநீரகத்தை அது விட்டிருக்காது. அவரைக் காப்பாற்றியது பெனிசிலினும் இரண்டுமுறை செய்த டயாலிசிஸும்தான். எனக்குத் தகராறு அந்த வாக்கியத்தோடு. தமிழ் எம்.ஏ. படித்தவன் வேறு எதோடு தகராறு செய்ய முடியும்?

2

'எலிக்காய்ச்சல்' என்பதை வகுப்பறையில் கேட்டால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்போம். விரித்தால் 'எலியால் வந்த காய்ச்சல்'. மூன்றாம் வேற்றுமை உருபாகிய 'ஆல்' அங்கே தொக்கி நிற்கிறது. மறைந்து நிற்கிறது என்று சொன்னாலும் சரியே. மறைந்து நிற்கும் ஒன்றோடு யாரும் வழக்காட முடியாது.

நோயை உருவகமாக்குவதன் ஆபத்தைப் பற்றி 1978இல் எழுதியவர் சூசன் சொண்டாக். காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் சமூகம் பூட்டிய உருவகங்களைக் கழற்றி எறிந்து, நோயை நோயாகப் பார்க்கச் சொன்னார் அவர். 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டு, ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த சானடோரியத்தைத் தாண்டித் தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறவன் என்ற வகையில் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் எலிக்காய்ச்சலில் கழற்றி எறிய உருவகம் எதுவும் கிடையாது. இங்கே வேலை செய்வது உருவகமல்ல, உருபு. உருவகம் கண்ணுக்குத் தெரியும். உருபு தெரியாது, அதுவும் தொகையில் தெரியவே தெரியாது.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்று பொருள் சொல்கிறோம். அப்படியானால் எலி இந்தக் காய்ச்சலின் கருத்தாவா, கருவியா, அல்லது நம்மோடு உடன் நிகழ்வதா?

நடப்பது என்ன என்று பார்ப்போம். லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவ பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. பெரும்பாலும் எலிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எலியின் மூத்திரத்தோடு வெளியேறி ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் இறங்குகிறவனின் கால்வெடிப்பு வழியாக, சிராய்ப்பு வழியாக, கண், வாய், மூக்கின் மெல்லிய சவ்வு வழியாக உள்ளே போகிறது. எலி மட்டுமல்ல, நாய், மாடு, பன்றி எல்லாமே இதைச் சுமக்கக்கூடியவை. இந்தச் சங்கிலியில் மனிதனும் எலியும் சந்தித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறது. சித்தப்பா சொன்னது உண்மைதான். அவர் வீட்டில் எலி கிடையாது. அவர் இறங்கி நின்ற தண்ணீர் வீட்டு வாசலில் இருந்தது.

ஆக, எலியைக் கருத்தாவாக்கும் மூன்றாம் வேற்றுமை இங்கே பொருந்தவில்லை. 'எலியிலிருந்து' என்று ஐந்தாம் வேற்றுமைக்குப் போனால் நீங்கல் பொருள் கிடைக்கிறது. பொருந்துகிறது, ஆனால் பாதிதான். புறப்பட்ட இடம் தெரிகிறது, பயணம் தெரியவில்லை. இந்த நோய்க்கு உரிய உருபு ஏழாம் வேற்றுமையின் 'கண்' என்பேன். அதன் பொருள் இடம். தேங்கிய தண்ணீரின்கண், அடைத்த கால்வாயின்கண், மனையாக்கப்பட்ட ஏரியின்கண் வந்த காய்ச்சல். நம் பெயரிடல் ஏழாம் வேற்றுமையை விழுங்கிவிட்டு மூன்றாம் வேற்றுமையைத் துப்புகிறது. இடம் மறைந்து ஒரு பிராணி குற்றவாளியாக நிற்கிறது.

3

இடம் என்று சொல்லிவிட்டால் இடத்தைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்கள் அடையாற்றுத் தண்ணீரில் மூழ்கின. மழை பெய்தது வானத்தின் காரியம். தண்ணீர் நின்றது வானத்தின் காரியமல்ல.

எங்கள் பக்கத்து ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்று நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்ததுக்குப் போகும். மேற்கே உள்ளவை அடையாற்றில் சேரும். கிழக்கே சேலையூர், செம்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகும். ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பு, வீடுகளாலும் நிறுவனங்களாலும் சாலைகளாலும் பெருங்குடிக் குப்பை மேட்டாலும் தின்னப்பட்டு, சிறு பகுதியாகச் சுருங்கியது. 2022இல் அதற்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தபோது கணக்கில் வந்த பரப்பு ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். தண்ணீருக்கு இருந்த வழியை மனை போட்டு விற்றோம், வாங்கினோம். நான் குடியிருப்பதும் அப்படிப்பட்ட ஒரு 'நகர்'தான், மறைக்க ஒன்றுமில்லை. வளை மூழ்கிய எலி மேட்டுக்கு ஏறியது. மனிதனும் மேட்டுக்கு ஏறினான். இருந்த மேடு ஒன்றுதான்.

இது முடிச்சூருக்கு மட்டும் உரிய கதையல்ல. 1993 கடைசியில் மதுரையில் பெருவெள்ளம். அடுத்த 1994இல் அங்கே கண்ணுக்குள் அழற்சியோடு நோயாளிகள் திரள்திரளாக அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். லெப்டோஸ்பைரா கிருமியே காரணம் என்று அங்கிருந்த மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் இதே நோய் பெருகியபோது வீடுவீடாக டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் எலிகள் முன்பும் இருந்தன, பின்பும் இருந்தன. புதிதாக வந்தது தண்ணீர்.

இடத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட நோய் ஒன்றும் உண்டு. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா வட்டாரத்தில் காட்டுக் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே காட்டையொட்டிய ஊர்களில் மனிதர்களும் செத்தார்கள். உண்ணிகள் வழியாகப் பரவிய அந்த வைரஸ் நோய்க்குக் கியாசனூர்க் காட்டு நோய் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். ஊர் மக்கள் வைத்த பெயர் 'மங்கன காயிலெ', குரங்கு நோய். அதே நோயால் சாகிற குரங்கே நோய்க்குக் காரணமாகவும் ஆகிவிட்டது. செத்த சாட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போல.

4

பிராணியின் பெயர் பிராணியோடு நிற்பதில்லை, அதை வளர்ப்பவன்மீதும் பிடிப்பவன்மீதும் தின்பவன்மீதும் ஏறுகிறது. நோயின் பரவலுக்கு இணையாக நடக்கும் இன்னொரு பரவல் இது. இதற்குத் தடுப்பூசி கிடையாது.

2009இல் 'பன்றிக் காய்ச்சல்' வந்தது. பன்றி, பறவை, மனிதர் ஆகிய மூன்றின் ஃப்ளூ வைரஸ்களும் கலந்து உருவான கிருமி அது. ஆனால் உலகம் முழுக்க அதைச் சுமந்து போனது விமானத்தில் பறந்த மனிதன். இருமலும் தும்மலும்தான் அதன் பாதை. நாங்கள் டீ குடிக்கும் கடையில் அப்போது நடந்த பேச்சு என்ன தெரியுமா? 'மொதல்ல இந்தப் பன்னி வளக்கறவங்கள ஏரியாவ விட்டுக் காலி பண்ணணும்.' சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கும் மாப்பிள்ளையைக் காலி பண்ணச் சொல்லி யாரும் பேசியதாக நினைவில்லை.

டீக்கடையில் பேச்சாக இருந்தது எகிப்தில் அரசாணை ஆயிற்று. அங்கே 2009இல் சுமார் மூன்று லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டார்கள். அவை பெரும்பாலும் கெய்ரோவின் குப்பை பொறுக்கும் சிறுபான்மைக் கிறிஸ்தவர்களான ஸபாலின்களின் பன்றிகள். நகரத்தின் எச்சில் மிச்சத்தைத் தின்று தீர்த்தவை. பன்றிகளைக் கொல்வதால் இந்தக் காய்ச்சல் நிற்காது என்று சர்வதேச அமைப்புகள் சொல்லியும் பயனில்லை. ஸபாலின்களின் பிழைப்பு போயிற்று. பிறகு கெய்ரோவின் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. ஒரு தொகைச்சொல் ஒரு சமூகத்தின் சோற்றில் மண்ணைப் போட்ட கதை இது.

2015இல் உலக சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்குப் பிராணிகள், இடங்கள், மனிதக் கூட்டங்கள் இவற்றின் பெயரை வைக்காதீர்கள் என்று நெறிமுறை வெளியிட்டது. 2022 நவம்பரில் குரங்கம்மைக்கு 'எம்பாக்ஸ்' என்ற பெயரைப் பரிந்துரைத்தது. 1958இல் கோபன்ஹேகன் ஆய்வுக்கூடம் ஒன்றில் அடைத்து வைத்திருந்த குரங்குகளிடம் முதலில் கண்டதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இயற்கையில் அதைப் பெரும்பாலும் சுமப்பவை கொறிக்கும் பிராணிகள் என்றே கருதுகிறார்கள். கூண்டுக்குள் இருந்ததுதான் குரங்கு செய்த பிழை.

5

இந்த ஏற்றிச் சொல்லுதல் நம்மிடம் இவ்வளவு எளிதாக நடப்பதற்கு மொழியில் ஒரு தயாரிப்பு இருக்கிறது. மக்களை உயர்திணை என்றும் மற்ற எல்லாவற்றையும் அஃறிணை என்றும் பிரித்தது தொல்காப்பியம். நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டது. நரகனுக்குக் கிடைத்த இடம் பசுவுக்குக் கிடைக்கவில்லை. அஃறிணை என்ற சொல்லே அல்லாத திணை என்ற எதிர்மறை. தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாத, 'நாம் அல்லாதது' என்று மட்டும் சுட்டப்படுகிற மற்றமை. எலி, கிருமி, சாக்கடை, குப்பை நான்கும் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே ஒரே கூடையில் கிடக்கின்றன. சுவரொட்டி புதிதாக எதையும் செய்யவில்லை.

திணைக்கு இன்னொரு பொருளும் உண்டு, நிலமும் அதன் ஒழுக்கமும். முல்லை குறிஞ்சியோடு மயங்கலாம், மருதம் நெய்தலோடு மயங்கலாம். மயக்கத்துக்கு இடம் கொடுத்த மரபு அது. விலங்குகளிலிருந்து வரும் நோய்களின் வரலாற்றைப் பார்த்தால் திணை என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் உடைவதைக் காணலாம். நிலத்திணை குலைகிற இடத்தில்தான் உயிர்த்திணையின் வேலி தாண்டப்படுகிறது. சதுப்பு மனையாகிறது, எலியின் கிருமி மனிதனுக்கு வருகிறது. மலேசியாவில் 1998-99இல் பழந்தின்னி வௌவாலின் வைரஸ் பழமரங்களுக்கு நடுவே போட்ட பெரிய பன்றிப் பண்ணைகளுக்குள் இறங்கி, பன்றிவழி மனிதனுக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். சுங்கை நிபா என்ற ஊரின் பெயர் நோய்க்கு நிரந்தரமாயிற்று.

இன்னொரு பக்கமும் நம் மொழியில் இருக்கிறது. மனிதருக்கு அம்மை கொண்டுவரும் தெய்வம் மாரி. மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண் கண்டால் அதற்குப் பெயர் கோமாரி. இரண்டும் வேறுவேறு நோய்கள். ஒன்று மாட்டுக்கு வந்ததில்லை, மற்றது மனிதருக்கு வருவது மிக அரிது. ஆனால் மாட்டின் நோவும் மனிதரின் நோவும் ஒரே தாயின் பெயரில் அமைந்தன. அங்கே மாடு குற்றவாளியல்ல, உடன் நோவுற்ற உயிர். இதைச் சொல்லி 'அந்தக் காலத்தில்' என்று பெருமூச்சு விட நான் தயாராக இல்லை. மாரியைக் கும்பிட்டுக்கொண்டே கொத்துக்கொத்தாகச் செத்தோம். அம்மையை ஒழித்தது பூசையல்ல, தடுப்பூசி. அந்த மருந்து வந்ததும் மாட்டுவழிதான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுகளின் தோலில் வளர்த்துத்தான் அம்மைப்பால் எடுத்தார்கள். விலங்கிலிருந்து மனிதனுக்கு வந்த பாதுகாப்பு அது. அதற்கு யாரும் 'கன்று மருந்து' என்று பெயர் வைக்கவில்லை. கெடுதல் வந்தால் பிராணியின் பெயர் முன்னே நிற்கிறது. நல்லது வந்தால் பெயர் காணாமல் போகிறது.

6

எல்லாவற்றுக்கும் மேலாக வண்டலூர். தாம்பரத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் 2021 மே மாதம் சிங்கங்கள் இருமின, தீனி எடுக்கவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் சென்னை மூச்சு முட்டிக்கொண்டிருந்த நாட்கள். பூங்கா பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது. பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபால் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. ஒன்பதில் கொரோனா இருந்தது. ஜூன் 3 அன்று நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் செத்தது. ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் செத்தது. நான்கு சிங்கங்களின் வைரஸை வரிசைப்படுத்திப் பார்த்தபோது டெல்டா வகை என்று தெரிந்தது. அதாவது அந்த நாட்களில் நம்மிடம் பரவிக்கொண்டிருந்த அதே வகை.

கூண்டில் இருக்கும் சிங்கம் கொரோனாவைத் தேடிப் போயிருக்க முடியாது. அது மனிதரிடமிருந்து போயிருக்க வேண்டும். வாக்கியம் தலைகீழாகிறது: மனிதனிலிருந்து விலங்குக்கு. ஐந்தாம் வேற்றுமை நம்மேல் விழுகிறது, நான்காம் வேற்றுமை சிங்கத்துக்குப் போகிறது. நான்காம் வேற்றுமையின் முதற்பொருள் கொடை. நாம் சிங்கத்துக்குக் கொடுத்த கொடை. அன்றைய பேப்பர்கள் எல்லாம் 'சிங்கங்களுக்குக் கொரோனா' என்றுதான் எழுதின. 'மனிதக் காய்ச்சல்' என்று ஒருவரும் எழுதவில்லை. அப்படி ஒரு தொகைச்சொல்லைத் தமிழ் இதுவரை உண்டாக்கிக்கொள்ளவில்லை. இலக்கணம் தடுக்கவில்லை. நமக்கு மனம் வரவில்லை.

7

'பேரை மாத்தினா நோய் போயிடுமா?' என்று கேட்கலாம். போகாது. 'லெப்டோஸ்பைரோசிஸ்' என்று சுவரொட்டி அடித்தால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்காது. எலிக்காய்ச்சல் என்றால் உடனே விளங்குகிறது. நாலு பேர் தண்ணீரில் செருப்போடு இறங்குவார்கள். அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. இடத்தின் பெயரை வைத்தால் இடத்துக்காரன்மேல் பழி வரும் என்பதும் சரிதான். என் கோரிக்கை மாற்றுப் பெயர் அல்ல. தொக்கி நிற்கும் உருபை விரித்துப் படிக்கும் பழக்கம் ஒன்றுதான். எலிக்காய்ச்சல் என்று காதில் விழுந்தால் எலிப்பாஷாணம் வாங்க ஓடுவதற்கு முன்னால், எந்தத் தண்ணீர், அது ஏன் நின்றது, அதில் யார் இறங்கினார்கள் என்று கேட்பது.

மூன்றாவது கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு பதில் உண்டு. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், வாசல் கால்வாயில் அடைத்திருந்த சேற்றையும் பிளாஸ்டிக்கையும் எடுக்கச் சித்தப்பா ஒரு பையனைக் கூட்டிவந்தார். கான்ட்ராக்டில் குப்பை அள்ளும் பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். சித்தப்பா முழங்கால் ஆழத்தில் நின்று வழி காட்டினார். அவன் இடுப்பளவில் இறங்கி வெறுங்கையால் வாரினான். இரண்டு மணி நேர வேலை. முந்நூறு ரூபாயும் பழைய சட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டு போனான்.

சித்தப்பா பிழைத்து வீடு திரும்பிய பிறகு ஒருநாள் எனக்கு அவன் ஞாபகம் வந்தது. பையன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எந்த ஏரியா என்றும் தெரியவில்லை. கான்ட்ராக்ட் ஆளைக் கேட்டால், அவன் இப்போ வர்றதில்லை சார் என்றார். காய்ச்சலா, வேறு வேலையா, அதுவும் தெரியவில்லை. அவனுக்கு வந்திருந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

சித்தியிடம் கேட்டேன். நல்ல மனுஷி, வெள்ளத்தில் நாலு குடும்பத்துக்கு மாடியில் இடம் கொடுத்துச் சோறு போட்டவர். கீரை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: 'அதுங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா. பழகினதுங்க.'

அவர் எந்தத் திணையில் பேசினார் என்பதை அவரே கவனிக்கவில்லை. நானும் அன்றைக்குக் கவனிக்கவில்லை.